ஐந்தாவது ஏன்

என் மனைவியின் அண்ணனுக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். டாக்டர் இல்லை, கூடப் பிறந்த தங்கை இல்லை, நான். போர்டில் எழுதி, அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்க் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததை வைத்து உப்பைக் காப்பாற்றினேன். அவரை விட்டுவிட்டேன். இந்த மாசியோடு மச்சான் போய் இரண்டு வருடம் ஆகிறது.

இதை எழுத உட்காரும்போதே எரிச்சல் வருகிறது. துக்கம் என்று சொன்னால் நாலு பேர் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். அது எனக்கு வேண்டாம். என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வரிசையாகச் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் பதினேழு வருடம் இருந்தேன். ஒரு பாகம் கெட்டு வந்தால் அது ஏன் கெட்டது என்று தேடுவதுதான் வேலை. அதற்கென்று ஒரு பயிற்சி கொடுத்தார்கள். பிரச்சினையை ஒரே வரியில் எழுது. எப்போது தொடங்கியது என்று பார். அந்த நேரத்தில் என்ன மாறியது என்று தேடு. கிடைத்த பதிலைப் பார்த்து 'ஏன்' என்று கேள், அதற்கு வருகிற பதிலையும் 'ஏன்' என்று கேள், ஐந்து தடவை கேள். பயிற்சி கொடுக்க வந்தவர் இரண்டு எச்சரிக்கைகள் சொன்னார். ஒன்று, ஆளைப் பார்க்காதே, வேலையைப் பார். குற்றம் ஆளிடம் இருக்காது, முறையில் இருக்கும் என்றார். இன்னொன்று, உன் கைக்கு எட்டுகிற காரணம் கிடைத்ததும் நிறுத்திவிடு. கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் சாமியிடம் போய் நிற்பாய் என்றார். எல்லோரும் சிரித்தோம். இரண்டும் நல்ல புத்திமதிகள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதுதான் கஷ்டமே.

கம்பெனியில் ஆள் குறைத்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவிக்கு ஊர் மரக்காணம். அவள் அண்ணன் அங்கே குத்தகைக்கு உப்புப் பாத்திகள் வைத்திருந்தார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்திருந்தார். உப்பை மூட்டையாகவே விற்றுக்கொண்டிருந்தவர், நான் வந்ததும், "மாப்ள, ரெண்டு பேரும் சேந்து பாக்கெட் போடலாமா?" என்றார். ஒரு ஷெட் போட்டோம். உப்பை அரைத்து, அயோடின் கலந்து, பாக்கெட்டில் அடைத்தோம். "நீங்க உள்ள பாருங்க, நான் வெளிய பாத்துக்கறேன்" என்று அவரே வேலையைப் பிரித்தார். உள்ளே என்றால் ஷெட். வெளியே என்றால் பாத்தி, வெயில், தண்ணீர், உப்பு வாருகிற பெண்கள். எங்களுக்குள் ஒரு தடவைகூட இதில் தகராறு வந்ததில்லை. சாப்பாடு மட்டும் அவருக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும்.

முதல் வருடமே ஒரு தொந்தரவு. பாக்கெட்டுகள் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஈரமாகிவிட்டன. மச்சான் கவரைக் குறை சொன்னார், கவர்க்காரன் உப்பைக் குறை சொன்னான். நான் திண்டிவனத்துக்குப் போய் ஒரு வெள்ளை போர்டு வாங்கிவந்து ஷெட் சுவரில் மாட்டினேன். எந்த பாக்கெட், எந்த நேரத்தில் ஒட்டியது என்று ஒரு வாரம் எழுதினேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஒட்டியவை மட்டும்தான் ஈரமாகியிருந்தன. கடல் காற்று திரும்பிக் கிழக்கு வாசல் வழியாக நேராக ஒட்டும் மெஷினின் மேல் அடித்தது. மெஷினை மேற்குச் சுவர் ஓரமாக நகர்த்தினோம். பிரச்சினை போயே போய்விட்டது. மச்சான் அந்த போர்டைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "இந்தக் காத்துல நான் நாப்பது வருஷமா நிக்கிறேன் மாப்ள. எனக்குத் தோணல பாருங்க" என்றார். டீக்கடையில் போய் என்னைப் பற்றி அவர் அளந்த அளப்பு என் காதுக்கே வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனியில் பதினேழு வருடத்தில் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மூன்றாவது வருடம் சித்திரையில், கோட்டக்குப்பத்திலிருந்து பாய் போன் செய்தார். எங்கள் உப்பில் பாதிக்கு மேல் அவர் வழியாகத்தான் கடைகளுக்குப் போகும். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். "சார், உப்பு கசக்குதுன்னு சொல்றாங்க. மாங்கா ஊறுகா போட்டவங்க எல்லாம் ஜாடியோட வந்து நிக்கிறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?" என்றார். இன்னொரு லோடு இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் வருத்தமாகத்தான் சொன்னார். பாய் போனால் ஷெட்டை மூட வேண்டியதுதான். நான் போர்டைத் துடைத்தேன்.

உப்பு ஏன் கசக்கும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பாத்தியில் உப்பு விளைந்ததும் வாரி எடுத்துவிட்டு, மிஞ்சிய தண்ணீரோடு புதுத் தண்ணீர் சேர்ப்பார்கள். சில தடவை இப்படி வாரிய பிறகு அந்த மிச்சத் தண்ணீர் கெட்டியாகிக் கசந்துபோகும். அப்போது மடையைத் திறந்து வெளியேற்றிவிட வேண்டும். முந்திக்கொண்டால் விளைய வேண்டிய உப்பு ஓடையில் போகும். பிந்தினால் அடுத்து வாருகிற உப்பெல்லாம் கசக்கும். எப்போது திறப்பது என்று சிலர் தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் டிகிரி மீட்டர் போட்டுப் பார்ப்பார்கள். எங்கள் பாத்தியில் மச்சானின் நாக்குதான் மீட்டர். வரப்பில் குந்தி, ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைப்பார், துப்புவார். "தொறந்துடு" என்பார், இல்லாவிட்டால் "இருக்கட்டும்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அத்தனை பேரும் நிற்பார்கள்.

முதல் 'ஏன்' சுலபம். கசப்புத் தண்ணீரை வெளியேற்றாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டாவது, ஏன் வெளியேற்றவில்லை? மச்சான் திறக்கச் சொல்லவில்லை. இதை எழுதும்போது எனக்கே சங்கடமாக இருந்தது. அவரையே கூப்பிட்டுக் கேட்டேன். "திறக்கற பதம் வரலன்னு நெனச்சேன் மாப்ள. ஏதோ கணக்கு தப்பிப் போச்சு" என்றார்.

பாத்தியில் என்ன நடக்கிறது என்று ஒரு வாரம் போய் நின்று கவனித்தேன். பயிற்சியில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள், வேலை நடக்கிற இடத்தில் போய் நில், கண்ணில் பட்டதையெல்லாம் எழுது என்று. எழுதினேன். ஆறு மணிக்கு வருகிறவர் எட்டு மணிக்கு வருகிறார். வரப்பில் பாதி தூரம் போனதும் உட்கார்ந்துவிடுகிறார். செருப்பு காலில் நுழையவில்லை என்று வெறுங்காலோடு நடக்கிறார், அதனால் நடை மெதுவாகிறது. மத்தியானச் சாப்பாட்டில் பாதி அப்படியே இருக்கிறது. இடுப்பு வலி மாத்திரை தினமும் போடுகிறார். கடைசிப் பாத்திகள் வரை சில நாள் போவதே இல்லை. இத்தனையையும் போர்டில் நானே என் கையால் எழுதினேன். மேலே ஒரு தலைப்பும் போட்டேன்: 'தண்ணீர் பார்ப்பதில் ஏற்படும் தாமதங்கள்'. எழுதி முடித்ததும் வழக்கப்படி செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் தாமதம் காரணமில்லை என்று சீக்கிரமே தெரிந்தது. அவர் தவறாமல் போய்ப் பார்த்த பாத்திகளிலும் உப்பு கசந்தது. அப்படியானால் அடுத்த படி, எப்போது தொடங்கியது, அப்போது என்ன மாறியது. கசந்தவை எல்லாம் பங்குனியில் வாரிய உப்பு. வருகைப் பதிவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பங்குனியில் ஒரே ஒரு மாற்றம்தான். உப்பு வாருகிற பெண்களில் மூத்தவர், எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், மகளுடைய பிரசவத்துக்காகக் குயிலாப்பாளையம் போய் இருபத்து நான்கு நாள் வரவில்லை. ஒரு பெண் வேலைக்கு வராததற்கும் உப்பு கசப்பதற்கும் என்ன சம்பந்தம்? எனக்கு உள்ளங்கை அரித்தது. இந்த மாதிரி இடம் வரும்போது மனதுக்குள் ஒரு சந்தோஷம் வரும். பொய் சொல்லி என்ன, சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த அக்காவை ஷெட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் என்னைத்தான் திருப்பிக் கேட்டார். "நான் இல்லாதப்ப யாரு சார் தண்ணி பாத்தாங்க?"

"மச்சான்தான். வேற யாரு பாப்பாங்க?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகுதான் சொன்னார். "பொங்கல் முடிஞ்சு மொத தண்ணி விட்டோம் பாருங்க, அப்போலேர்ந்து அவுரு எங்கிட்டத்தான் கேப்பாரு சார். நாக்குல வெப்பாரு, துப்புவாரு, அப்பறம் சும்மா கேக்கற மாதிரி, நீயும் பாரேன்னு சொல்லுவாரு. நான் சொல்றததான் அவுரு சத்தமா சொல்லுவாரு. அவுருக்கு ஒன்னும் தெரியல சார். நான் கேட்டுக்கல, அவுரும் சொல்லிக்கல." போகும்போது வாசலில் நின்று, "நான் சொன்னேன்னு அவுருகிட்ட கேக்காதீங்க சார். பெரிய மனுசன், ஒடஞ்சி பூடுவாரு" என்றார்.

நான் தலையாட்டினேன். மூன்றாவது 'ஏன்': தண்ணீர் கசந்தது அவருக்குத் தெரியவில்லை. நான்காவது: அவர் நாக்கில் ருசி இல்லை. நான்காவது பதிலைச் சுற்றி வட்டம் போட்டேன். கைக்கு எட்டுகிற காரணம் அது. டிகிரி மீட்டர் ஒன்று வாங்கினால் தீர்ந்தது. ஆளின் மேல் குற்றமில்லை, முறையில்தான் குற்றம், நாக்கை நம்பியதுதான் குற்றம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். ஐந்தாவது வரிக்கு இடம் விட்டிருந்தேன். அந்த இடத்தில் 'மீட்டர் வாங்க வேண்டும்' என்று எழுதினேன்.

அக்கா சொன்னதே போதும். ஆனால் அடுத்த படி என்று ஒன்று இருந்தது. கண்டுபிடித்த காரணம் சரிதானா என்று சோதித்து உறுதி செய்ய வேண்டும். அந்த வியாழக்கிழமை பாய் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். பாய்க்கு நம்பிக்கை வர வேண்டும், இனி கசக்காது என்று வாயால் சொன்னால் போதாது என்று நினைத்தேன். இன்றைக்கு யோசித்தால், பாய்க்கு என் போர்டைக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் பெரிதாக இருந்திருக்கிறது. என் வித்தையைப் பார்க்க ஒரு வெளியாள் வருகிறார்.

மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் தண்ணீர் எடுத்து வைத்தேன். முதலாவதில் அன்று காலை விட்ட புதுத் தண்ணீர். நடுவில் உப்பு விளைகிற பதத்தில் இருந்த தண்ணீர். மூன்றாவதில் கடைசிப் பாத்தியில் கிடந்த கசப்புத் தண்ணீர். நானே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருந்தேன். அரைமணி நேரத்துக்கு வாய் கசந்தது. பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் தண்ணீர் குடிக்க ஷெட்டுக்கு வந்த நேரம், அக்காவும் நின்றார். மச்சானைக் கூப்பிட்டேன். "மச்சான், பாய் கேக்கறாரு, இந்த மூணுல எத தொறந்து விடலாம்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க" என்றேன். பாய் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் விரலை விடவில்லை. டம்ளரையே எடுத்து ஒரு மடக்கு வாயில் ஊற்றிக்கொண்டார். முதலாவதைத் துப்பிவிட்டு, "இது இருக்கட்டும்" என்றார். இரண்டாவதற்கும் "இருக்கட்டும்" என்றார். மூன்றாவது டம்ளரை வாயில் வைத்தபோது அக்கா, "வேணாங்க" என்று ஒரு அடி முன்னால் வந்தார். அதற்குள் அவர் வாயில் ஊற்றியாகிவிட்டது. துப்பவில்லை, விழுங்கினார். "இதுவும் இருக்கட்டும்" என்றார்.

பாய் மெதுவாகத் தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் போர்டுக்குப் போய் நான்கு பதில்களையும் வரிசையாகப் படித்துக் காட்டினேன். புது மீட்டரை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தும் காட்டினேன். என் முதுகுக்குப் பின்னால் மச்சான், "எனக்கு ஒன்னும் தெரியல மாப்ள. தை மாசத்துலேர்ந்து தெரியல" என்று சொன்னார். அந்த மாதத்தையும் குறித்துக்கொண்டேன். பாய் எழுந்து, "விடுங்க சார், யாருக்கும் ஆவறதுதான். அல்லா பாத்துக்குவான்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிப் போனார்.

மீட்டர் சொன்னபடி தண்ணீரைத் திறந்தோம். வைகாசியில் வாரிய உப்பில் கசப்பில்லை. பாய் போனில், "சூப்பர் சார்" என்றார். மச்சான் பாத்திக்கு வருவது குறைந்தது. வந்தாலும் உப்பைக் குவிக்கிற மேடை ஓரத்துக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவருக்கு ரோஷம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். தானாக ஆறட்டும் என்று விட்டேன். ஆடியில் என் மனைவி சொன்னாள், "அண்ணன் மூஞ்சி ஒரு மாதிரி வீங்கின மாதிரி இருக்குதுங்க." நான், "பகல்ல தூங்கினா அப்படித்தான் இருக்கும்" என்றேன். சோற்றைத் திருப்பி அனுப்புகிறார் என்றாள். கோபம் தணிந்தால் சாப்பிடுவார் என்றேன். அவர் மேல் எனக்கே கொஞ்சம் கோபம் இருந்தது. நல்லதுதானே செய்தேன், எதற்கு இந்த மனிதர் இப்படி வஞ்சம் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு பாத்தியெல்லாம் வெள்ளமாகக் கிடந்தபோது, ஒரு காலையில் அவரால் மூச்சு விட முடியவில்லை. காரில் ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரிக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் ஒரு இளம் டாக்டரம்மா என்னை மேஜைக்கு எதிரே உட்கார வைத்து, இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"கால் வீக்கம் எப்போலேந்து இருக்கு?"

நான் போனை எடுத்தேன். போர்டின் படத்தைத் தேடி விரித்தேன். செருப்பு நுழையவில்லை என்று எழுதியிருந்த தேதியைச் சொன்னேன்.

"நடந்தா சீக்கிரம் களைப்பு?"

வரப்பில் பாதியில் உட்கார்ந்த நாளைச் சொன்னேன். பசியின்மை கேட்டார், சோறு மிஞ்சியதைச் சொன்னேன். வலி மாத்திரை கேட்டார், அதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

"வாயில ருசி தெரியறதுல ஏதாவது மாற்றம் இருந்துச்சா? இந்த நோய்ல சிலருக்கு அப்படி ஆகும்."

"ஜனவரி" என்றேன். "பொங்கல் முடிஞ்ச வாரம்."

டாக்டரம்மா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "எல்லாரும் ஞாபகம் இல்லன்னுதான் சொல்லுவாங்க. எப்படி இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"எழுதி வச்சிருந்தேன் மேடம்."

"அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். சீக்கிரம் வந்திருந்தால் முழுதாகக் குணமாகியிருக்குமா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் மருந்திலேயே கொஞ்ச வருடம் ஓட்டியிருக்கலாம் என்றார். ஒரு நோயை ஒன்றுவிடாமல் பட்டியல் போட்டிருக்கிறேன். அதற்குத் தாமதம் என்று தலைப்பு வைத்திருக்கிறேன்.

வெயிலில் உப்பு வாருகிறவர்களுக்கு இது வருவது புதிதில்லையாம். அத்தனை வெயிலுக்குத் தேவையான தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரை வேறு. இதெல்லாம், ருசி ஏன் போனது என்று ஐந்தாவது 'ஏன்' கேட்டிருந்தால் ஒரே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தெரிந்துகொண்டிருக்கலாம். அது சாமியிடம் போய் நிற்கிற கேள்வி இல்லை. ஆனால் என் பிரச்சினை உப்பு. உப்பு நான்காவது பதிலிலேயே சரியாகிவிட்டது. அதற்கு மேல் கேட்பதற்கு எனக்கு வேலை இருக்கவில்லை. பிரச்சினையை ஒரே வரியில் எழுது என்றார்கள், நான் 'உப்பு கசக்கிறது' என்று எழுதினேன். எந்த வரியை எழுதுவது என்பதற்கு அந்தப் பயிற்சியில் படி எதுவும் இல்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிப் போனேன். நான்கு மணி நேரம் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். பாத்தியில் மழை நீர் வடிந்ததா, எந்த வரப்பு உடைந்தது என்று அவர் பேசுவார். பாதி நேரம் தூங்குவார். ஒருநாள் கேட்டுவிட்டேன். தை மாதமே தெரிந்திருக்கிறது, ஏன் மச்சான் என்னிடம் சொல்லவில்லை, நான் முதலில் கூப்பிட்டுக் கேட்ட அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே என்று. அவர் குழாய் மாட்டிய கையை அசைக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க உப்பப் பத்திதான கேட்டீங்க மாப்ள" என்றார். மெஷின் பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்கும் பயமா இருந்துச்சி. யாராவது கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன்" என்றார்.

கேட்டவுடனே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அறையில் பத்துக் கட்டில், பத்து மெஷின், எல்லோரும் பார்த்தார்கள். அவர்தான் சமாதானம் சொன்னார், "ஏன் மாப்ள, இதுக்குப் போயி. உப்பு நல்லா வருதில்ல?" என்று.

மாசியில், பாத்திக்குத் தண்ணீர் விட ஆரம்பித்த வாரத்தில், விடியக்காலையில் போய்விட்டார். அக்காவும் மற்ற பெண்களும் அன்று பாத்தியில் இறங்கவில்லை. பாய் கோட்டக்குப்பத்திலிருந்து வந்து கடைசி வரை கூட இருந்தார். வந்தவர்கள் ஆளாளுக்கு விதி, விதி என்றார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. விதி என்றால் எங்கே தொடங்கியது என்று தெரியாததற்குச் சொல்கிற பெயர். எனக்குத் தேதி வரைக்கும் தெரியும். ஆனால் சாவு வீட்டில் நின்றுகொண்டு இதை யாரிடம் சொல்வது, வாயை மூடிக்கொண்டு பந்தல்காரனிடம் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஷெட் நன்றாகத்தான் ஓடுகிறது. மீட்டர் தப்புவதில்லை. நாக்கே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை, மீட்டர்தான் சரி. போர்டும் சுவரில்தான் இருக்கிறது, இப்போதும் ஏதாவது கெட்டுப்போனால் அதில்தான் எழுதுகிறேன். வேறு வழி எனக்குத் தெரியாது. பெண்களுக்குக் கொட்டகை பெரிதாகப் போட்டுக் குடிதண்ணீர் கேன் வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் பரிசோதிக்க ஆட்கள் வருகிறார்கள். அதை யாராவது பாராட்டினால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன்.

மனைவியிடம் டம்ளர் விஷயத்தை நான் சொன்னதே இல்லை. அண்ணனுக்கு நாக்கில் ருசி போய்விட்டது, அதை நான் கண்டுபிடித்தேன் என்கிற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும். போன மாதம் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போனவள், அங்கே எப்படியோ முழுதாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். வந்தவள் சண்டை போடவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் என்ன நடந்தது என்று என்னைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். எந்த டம்ளரில் எந்தத் தண்ணீர், யார் எங்கே நின்றார்கள், பாய் என்ன சொன்னார், அவள் அண்ணன் ஒவ்வொரு டம்ளருக்கும் என்ன சொன்னார், ஒன்றும் விடாமல் வரிசையாகச் சொன்னேன்.

அவள் கடைசி வரை கேட்டாள். மடித்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு, "மூணாவத முழுங்கினப்ப, அண்ணன் மூஞ்சி எப்படிங்க இருந்துச்சி?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. நான் அப்போது பாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.